பல்லு அடைக்கிற வெள்ளை மருந்து விஷமா? கேள்வி பதில்

சொந்த ஊரு கம்பம், பல் கிளினிக் வச்சிருக்கிறது குமுளியில. ஏலத்தோட்டத்து ஆளுங்களும் வருவாங்க, லோயர்கேம்ப்ல இருந்து பஸ் ஏறி வர்றவங்களும் வருவாங்க. வெள்ளை ஃபில்லிங் பத்தி வந்த கேள்விக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ஏழு வயசு, கடவாப்பல்லுல நேத்து வெள்ளை ஃபில்லிங் வச்சாங்க. கோட்டயத்துல நர்ஸா இருக்கிற நாத்தனா, அது பிளாஸ்டிக்கு, பிபிஏன்னு பிளாஸ்டிக் செய்யற ரசாயனம் அதுல இருந்து எறங்கும்னு சொல்லிட்டாங்க. பயமா இருக்கு.

உங்க நாத்தனா சொன்னதுல பாதி நெசம் தங்கச்சி. அந்த மருந்து ரெசின், அதாவது பிசின் மாதிரி இருந்து கெட்டியாகிற பிளாஸ்டிக், அதோட கண்ணாடித்தூள் மாதிரி பொடி கலந்திருக்கும். ரெசின்ல முக்கியமானது பிஸ்-ஜிஎம்ஏ, அத செய்யறதுக்கு பிபிஏ வேணும், அதனால துளியூண்டு அதுல மிச்சம் நிக்கலாம். ஆனா பிஸ்-ஜிஎம்ஏ எச்சில்ல கரைஞ்சு பிபிஏவா மாறாது. பிஸ்-டிஎம்ஏன்னு இன்னொண்ணு இருக்கு, அதுதான் எச்சில் பட்டா அப்படி மாறும், 1996ல ஸ்பெயின்ல எச்சில்ல பிபிஏ இருக்குன்னு ஆராய்ச்சி வந்த பெறகுதான் இந்தப் பேச்சே பெருசாச்சு. வச்ச மொத சில மணி நேரம் எச்சில்ல கொஞ்சம் கூடும், அப்புறம் எறங்கிடும். நேத்து வச்சதுன்னா பெரும்பாலும் அந்த நேரம் தாண்டிருச்சு, பிள்ளைய நிம்மதியா சோறு திங்க விடுங்க.

நான் பயப்படுறது வேற எடத்துல. சரியா காயாத மருந்து. நீலலைட் அடிச்சாத்தான் அது கெட்டியாகும், சாதா ரகத்த ஒரு தடவைக்கு ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான் வைக்கணும், பெரிய குழிய ஒரே உருண்டையா அடைச்சு லைட்ட காட்டுனா மேல கல்லாட்டம் இருக்கும், அடியில பசையாவே கிடக்கும். லைட்டோட நுனியில காஞ்ச ரெசின் ஒட்டிக்கிட்டு வெளிச்சத்த மறைக்கும், நான் தெனமும் காலையில மொத வேலையா அத சுரண்டித்தான் எடுக்கிறேன். நல்லா அடிச்சாலும் மேல்பரப்புல காத்து பட்ட எடம் பிசுபிசுன்னு நிக்கும், அத பஞ்சால தொடைச்சு, பாலிஷ் போட்டு, பிள்ளைய அர நிமிஷம் கொப்பளிச்சு துப்பச் சொல்லணும். அடுத்த தடவை டாக்டர்ட்ட இத கேளுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

கேள்வி: டாக்டரம்மா, வண்டன்மேட்டுல ஏலக்கா ஸ்டோர்ல கணக்கு எழுதுறேன். 15 வருஷமா வெள்ளி ஃபில்லிங் இருக்கு, பாதரசம்ங்கிறாங்களே, எடுத்துட்டு வெள்ளை வச்சிரலாமா?

அதுல பாதி எடை பாதரசம்தாங்க அண்ணே. ஆனா நல்லா இருக்கிறத கொடைஞ்சு எடுக்கும்போதுதான் ஆவி அதிகமா கெளம்பும். ஒடையல, ஓரத்துல சொத்தை இல்லன்னா விட்டுடுங்க. பாதரசத்த கொறைக்க பல நாடுங்க சேர்ந்து 2013ல மினமாட்டா ஒப்பந்தம் போட்டாங்களே, அதுக்குப் பெரிய காரணம் பாதரசம் ஆத்துல கடல்ல போய் மீனுல ஏறுறதுதான். வெள்ளி ஃபில்லிங்க புதுசா வைக்கிறதுன்னா கதை வேற, 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கும் மாசமா இருக்கவங்க, பால் குடுக்கறவங்களுக்கும் வைக்க வேணாம்னு 2022ல அதுல சேர்த்துட்டாங்க.

கேள்வி: மாசமா இருக்கேன் அக்கா, மூணு மாசம் ஆகுது, பல்லு சொத்தை. வெள்ளை வைக்கலாமா?

வலி, சீழ் இருந்தா தள்ளிப் போடவே கூடாது கண்ணு, உடனே வா. வலி இல்லாத சின்னக் குழின்னா கிளாஸ் அயனோமர்னு வேற வகை அடைக்கிற மருந்து வச்சு நிறுத்தலாம், அதுல சாதா ரகத்துல ரெசினே கிடையாது. பிரசவத்துக்கு அப்புறம் மாத்திக்கலாம்.

கேள்வி: நீலலைட் கண்ணுக்குக் கெடுதலா?

நேரா பாக்காதீங்க, கண்ண மூடிக்கோங்க. ஆரஞ்சு கண்ணாடி கண்டிப்பா எங்களுக்கு வேணும், நாங்கதான் நாள் பூரா பாக்கிறோம்.

கேள்வி: மேடம், கூடலூர் கிளினிக்ல அசிஸ்டென்டா இருக்கேன். விரல் நுனி உரியுது, வெடிக்குது. கையுறை போட்டுத்தான் வேலை பாக்கிறேன், இந்த மருந்தாலயா?

இதுக்குத்தான் நான் ரொம்ப வருத்தப்படுவேன் பாப்பா, ஏன்னா எனக்கே வந்துச்சு. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெடிச்சு, பச்ச மொளகா நறுக்குனா உயிர் போகும், நான் பாத்திர சோப்புனு நெனச்சே ஒரு வருஷம் ஓட்டிட்டேன். எது ஒத்துக்கலன்னு முதுகுல மருந்த ஒட்டிப் பாக்கிற பேட்ச் டெஸ்ட் பண்ணப்பத்தான் ஹீமான்னு தெரிஞ்சது, ஃபில்லிங்க பல்லோட ஒட்ட வைக்கிற பாண்டிங் மருந்துல இருக்கிற சின்ன மூலக்கூறு, ரப்பர் கையுறைய சில நிமிஷத்துலயே தாண்டி தோலுக்கு வந்துரும். ஜெல் நகப்பூச்சுலயும் இதே சாமான் உண்டு. அலர்ஜி ஒருக்கா வந்துட்டா திரும்பிப் போகாது. அதனால கையுறைய நம்பாத, பாண்டிங் பாட்டில் வாய்ல வழியுறத விரலால தொடைக்காத, மருந்து பட்டா அந்த நிமிஷமே கையுறைய கழட்டி கை கழுவு. வர்ற வாரமே தோல் டாக்டர்ட்ட போய் பேட்ச் டெஸ்ட் கேளு, நீ எந்த மருந்த தொடுறன்னு பாட்டில் பேர எழுதிட்டுப் போ.