பள்ளி வாசலில் ஒரு ‘போயிட்டு வர்றேன்’

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்கிறோம். வகுப்பு காலை 9 முதல் 12.30 வரை. நானும் கணவரும் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால், பிறந்ததிலிருந்து அவன் என் அம்மாவிடம்தான் வளர்கிறான். ராத்திரி 11 மணிக்குத் தூங்கி 9 மணிக்கு எழுவான். போன் காட்டினால்தான் சோறு இறங்கும். ‘அவன் அந்தப் பக்கம் திரும்பும்போது நைசாக நழுவி வந்துவிடு’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ‘ஒரு வாரம் வகுப்பிலேயே கூட உட்கார்’ என்கிறார் நாத்தனார். யார் சொல்வதைக் கேட்பது? முதல் நாள் நான் லீவு போட வேண்டுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் சகோதரி. அதிலும் நழுவி வரும் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். அன்றைக்கு அழுகைச் சத்தம் உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தவனுக்கு அம்மா இல்லை. கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று அவன் கற்றுக்கொள்கிறான். மறுநாள் பள்ளிக்கூடத் தெரு திரும்பும்போதே அழுகை தொடங்கும். வீட்டில் நீங்கள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான்.

நம் பேச்சில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை, ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்கிறோம். வாசலில் அவனுக்குத் தேவையானதும் அந்த ‘வர்றேன்’தான். ஆனால் ‘பன்னிரண்டரைக்கு வர்றேன்’ என்றால் மூன்றரை வயதுக்கு ஒன்றும் புரியாது. அவனுடைய கடிகாரத்தில் சொல்லுங்கள்: “பாட்டுப் பாடுவீங்க, டப்பா திறந்து சாப்பிடுவீங்க, வெளையாடுவீங்க, அப்புறம் அம்மிச்சி (பாட்டி) கேட் கிட்ட வந்து நிப்பாங்க.” முந்தின நாளே வகுப்பு நேரத்தின் வரிசையைப் பள்ளியில் கேட்டு வையுங்கள். சொன்ன வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றாக இருந்தால் மூன்றாம் நாளிலிருந்து அவனே அதை எண்ணத் தொடங்குவான்.

வாசலில் மொத்தமே ஒரு நிமிடம் போதும். அவன் உயரத்துக்குக் குனிந்து அந்த வரிசையைச் சொல்லி, ஒரு தடவை கட்டிக்கொள்ளுங்கள். பிறகு தரையில் இறக்கிவிட்டு நடக்காமல், அவன் கையை மிஸ்ஸின் கையில் பிடித்துக் கொடுங்கள். “போயிட்டு வர்றேன் கண்ணு” என்று சொல்லி நடந்துவிடுங்கள். அழுகை கேட்டுத் திரும்பி வந்தால், இன்னும் கொஞ்சம் அழுதால் அம்மா வருவார் என்று அவனுக்குப் படும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் அதே கணக்குத்தான். பெரும்பாலான குழந்தைகள் அம்மா கண்ணில் மறைந்த கொஞ்ச நேரத்தில் அடங்கி, பக்கத்துப் பையனின் பொம்மையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு போன் செய்ய முடியுமா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு வாரம் உட்கார்ந்தால் பிரிவு எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போகுமே தவிர, இல்லாமல் போகாது. முதல் நாள் பெற்றோர் கால் மணி நேரம் உள்ளே இருக்கலாம் என்று பள்ளியே சொன்னால் இருங்கள், அதோடு சரி.

இன்னொன்று. முதல் வாரம் உங்கள் அம்மா கொண்டுபோய் விட வேண்டாம். அவன் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது அவரிடம்தான், அவனுக்கு முன்னால் அவர் கண் கலங்கவும் வாய்ப்பு உண்டு. நீங்களோ உங்கள் கணவரோ விடுங்கள், அம்மா கூட்டிவரட்டும். வேன் ஏற்பாடு செய்திருந்தாலும் முதல் இரண்டு வாரம் வேண்டாம். ஒரே நாளில் புது வண்டி, புது டிரைவர், புது இடம் என்றால் அவனுக்கு அதிகம்.

இப்போதே தொடங்க வேண்டியது தூக்கம்தான். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. 9 மணிக்குள் பள்ளியில் இருக்க 7 மணிக்கு எழ வேண்டும். இப்போது 9 மணிக்கு எழுகிறான், ஆக 2 மணி நேரம் இழுக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று எழும் நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். எட்டுத் தவணை, 24 நாள். படுக்கும் நேரத்தை முதலில் இழுத்தால் தூக்கம் வராமல் ஒன்பதரைக்கு மெத்தையில் குதிப்பான். எழுவதை இழுத்தால் படுப்பது பின்னாலேயே வந்துவிடும். பகல் தூக்கத்தை மூன்றரை மணிக்குள் முடித்துவிடுங்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அணைத்துவிடுங்கள். எழுந்ததிலிருந்து கிளம்பும் வரை குறைந்தது ஒன்றரை மணி நேரம் இருந்தால், பால் குடித்த பிறகு கக்கூஸில் நிதானமாக உட்கார நேரம் கிடைக்கும். இதை விட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் 10 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது.

முதல் வாரங்களில் நிறையச் சிக்கல் வருவதும் கழிப்பறை விஷயத்தில்தான். வீட்டில் ‘மூச்சா’ என்பவனுக்கு வகுப்பில் என்ன சொல்வதென்று தெரியாது. சொல்லாமல் அடக்கி, கடைசியில் டிராயரில் போய்விடுவான். உங்கள் வீட்டு வார்த்தை என்னவென்று மிஸ்ஸிடமும் ஆயாம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கழிப்பறையை ஒருமுறை நேரில் பாருங்கள். வீட்டில் வெஸ்டர்ன், அங்கே இந்தியன் என்றால் குத்துக்கால் வைத்து உட்காரப் பழக்க வேண்டும். யூனிஃபார்ம் டிராயரின் கொக்கியை அவனால் கழற்ற முடியாது. டெய்லரிடம் கொடுத்து எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். பையில் இரண்டு ஜட்டி, ஒரு டிராயர், ஈரத்துணிக்கு ஒரு கவர் இருக்கட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் போன் பழக்கத்தை விட முதல் இடைஞ்சல் டப்பாவின் மூடி. உள்ளே ரப்பர் வளையம் போட்ட டப்பாக்கள் சிந்தாதுதான், ஆனால் மூன்றரை வயது விரலுக்குத் திறக்காது. கடையிலிருந்து வந்ததும் அவனைத் தரையில் உட்காரவைத்துக் கையில் கொடுங்கள். யாரும் உதவாமல் மூன்று முறை திறந்து மூடினால்தான் அது அவன் டப்பா. வீட்டில் சாப்பிடுவதில் பாதி அளவு வையுங்கள்: பொடி தடவிய இரண்டு குட்டி இட்லி, அல்லது சுருட்டிய அரைச் சப்பாத்தி. முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை வேண்டாம், இந்த வயதில் புரையேறித் தொண்டையில் அடைக்கும். தண்ணீர் பாட்டில் 350 மில்லி போதும். முக்கால் லிட்டர் பாட்டில் முக்கால் கிலோ கனம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷூ வெல்க்ரோ வைத்ததாக இருக்கட்டும். வட்ட ஸ்டிக்கர் ஒன்றைப் பாதியாக வெட்டி, இரண்டு ஷூவுக்குள்ளும் உள்விளிம்பில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வட்டம் முழுசானால் இடம், வலம் சரி. தினம் அரை மணி நேரம் வீட்டிலேயே போட்டு நடந்தால் கடிக்குமா என்பதும் தெரிந்துவிடும். புது யூனிஃபார்மை இரண்டு முறை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டிவிடுங்கள்.

‘ஸ்கூல்ல போட்டாத்தான் அடங்குவே’, ‘மிஸ்கிட்ட சொல்லிருவேன்’ என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மாதமாகப் பூச்சாண்டி என்று காட்டியவரிடம் ஜூனில் கையைப் பிடித்துக் கொடுத்தால் யார்தான் போவார்கள்? ‘அழாம இருந்தா சாக்லேட்’ பேரமும் வேண்டாம். அழுகைக்கு விலை உண்டு என்று தெரிந்துவிடும், விலையும் ஏறும்.

மதியம் அம்மிச்சி பத்து நிமிடம் முன்பே வாசலில் நிற்கட்டும். மற்ற பிள்ளைகள் போன பிறகு தனியாக நிற்கும் ஐந்து நிமிடம், காலையில் சொன்ன ‘வர்றேன்’ அத்தனையையும் கெடுத்துவிடும். வந்தவுடன் ‘என்ன சொல்லிக் குடுத்தாங்க’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான் பதில். சாப்பிட்டு முடித்த பிறகு ‘பக்கத்துல யாரு உக்காந்தா?’ என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் அடம்பிடித்தால் பதறாதீர்கள், காலை முழுக்க அடக்கி வைத்தது இறங்குகிறது. ஆனால் நான்கு வாரம் கழித்தும் நாள் முழுக்க அழுகிறான், தினமும் காலையில் வாந்தி எடுக்கிறான் என்றால் மிஸ்ஸிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒடுங்கினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே விசாரியுங்கள்.

லீவு கேட்டிருந்தீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போதும். புதுச் சட்டை, புதுப் பை வேடிக்கையில் பல பிள்ளைகள் அன்றைக்கு அழாமலே போய்விடுவார்கள். இது தினமும் உண்டு என்று புரியும் மூன்றாம், நான்காம் நாளில்தான் அழுகை வரும், ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை மறுபடியும் வரும். அந்தத் திங்கட்கிழமைக்கு லீவை எடுத்து வையுங்கள்.