கன்றின் எடை கூடியும் லாபம் நிற்காதது ஏன்?

கேள்வி: இறைச்சிக்கான கன்று உற்பத்திக்காக 40 பசுக்கள் வளர்க்கிறேன். இம்முறை விற்ற 30 கன்றுகளும் சராசரியாக 220 கிலோ இருந்தன. ஆனாலும் செலவு போக மிச்சமில்லை. பெரிய இனக் காளையைச் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கன்றுகளின் எடையில் குறையில்லை. கன்று தராத 10 பசுக்களும் ஆண்டு முழுவதும் தீவனம் தின்றிருக்கின்றன என்பதுதான் குறை. விற்ற மொத்த எடையான 6,600 கிலோவைக் காளையோடு இனச்சேர்க்கைக்கு விட்ட 40 பசுக்களுக்கும் வகுத்தால், பசு ஒன்றுக்கு 165 கிலோதான் வருகிறது. இதுவே 36 கன்றுகள், ஒவ்வொன்றும் 205 கிலோ மட்டுமே இருந்திருந்தாலும், அந்தக் கணக்கு 184 கிலோவைத் தாண்டியிருக்கும். பெரிய காளையால் ஈற்றுச் சிரமம் கூடலாம். அதன் கிடேரிகளைத் தாய்ப்பசுக்களாக நிறுத்திக்கொண்டால் பராமரிப்புத் தீவனமும் கூடும்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால், ஈன்றபின் சுமார் 82 நாட்களுக்குள் அது மறுபடி சினைபிடித்தாக வேண்டும். மெலிந்த நிலையில் ஈன்ற பசு சினைப்பருவத்துக்கு வரவே தாமதமாகும். ஒரு சினைப்பருவம் தவறினால் 21 நாட்கள் போய்விடும், அதனால் அடுத்த கன்று, எல்லாக் கன்றுகளையும் ஒரே நாளில் பால்மறக்கச் செய்யும்போது, அத்தனை நாள் வளர்ச்சி குறைந்து நிற்கும்.

ஆகவே ஈற்றுக்கு மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு பசுவையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கடைசி இரண்டு விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தால், 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் அது 4 அல்லது அதற்கும் கீழே இருக்கிறது என்று கொள்ளலாம். ஈனும்போது 5 முதல் 6 வரை இருக்க வேண்டும். ஈன்றபின் தேற்றிக்கொள்ளலாம் என்று பலரும் தள்ளிப்போடுகிறார்கள். கொடுக்கும் தீவனத்தில் பெரும்பங்கு அப்போது பாலுக்குப் போய்விடுவதால், அது செலவு மிகுந்த வழி. தலையீற்றுப் பசுக்கள் தாமும் வளர்ந்துகொண்டே பாலும் கொடுப்பவை. அவற்றைத் தனியாகப் பிரித்துத் தீவனமிடுங்கள், இல்லையேல் மூத்த பசுக்கள் அவற்றைத் தொட்டியருகே விடமாட்டா.

இருக்கிற காளையின் விந்துத் தரத்தையும் கால்களையும் இனச்சேர்க்கைப் பருவத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து இரண்டு மாதத்தில் சினைப் பரிசோதனை செய்து, சினையில்லாதவற்றைப் பசுந்தீவனம் குறையும் காலத்துக்கு முன் விற்றுவிடலாம். புதிய காளை வேண்டுமா என்பதை, அடுத்த ஈற்றில் ஒவ்வொரு பசுவும் ஈன்ற தேதியைக் குறித்துவைத்து, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.