முன்பணம் கட்டாதீர்கள், பிள்ளைக்கு ஒலிப்பதிவு இருக்கிறது

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கிராமத்துப் பெண்ணின் முதல் காதலையும் நையாண்டி மேளத்தையும் வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். அவள் பெரியப்பா தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். இதுதானே அம்மா, நீங்கள் எழுதியது? உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். இயற்பியலில் 86, கணிதத்தில் 52 எடுத்த பிள்ளை அவள். இன்ஜினியரிங்கில் கணிதத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரியர் விழுந்தால் அவள்தான் எழுத வேண்டும், கடனை நீங்கள்தான் அடைக்க வேண்டும். பெரியப்பா இரண்டுக்கும் வர மாட்டார்.

கதையில் வரும் பையன் யார் என்று அவளைக் குடைவதையும் நிறுத்துங்கள். அது கதை.

இயக்கம், கேமரா பற்றி எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது ஒலிப்பதிவு. திருவிழாவில் மேளத்தை ஃபோனில் பதிந்துவிட்டு, “அடி விழுந்ததும் மத்த சத்தமெல்லாம் ஏன் அமுங்குது?” என்று கேட்டாளாமே, அது ஒலிப்பதிவாளர் கேட்கும் கேள்வி. பெரிய சத்தம் வந்ததும் ஃபோன் தானாகவே அளவைக் குறைத்துவிடுகிறது. அளவைக் கையால் வைக்கிற சின்ன ரெக்கார்டர் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். தவிலுக்குப் பத்தடி தள்ளி நின்று, ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைக்கட்டும். அந்த மீட்டரில் பூஜ்யம்தான் எல்லை; அதைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் வயல்காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அவள் படத்தின் காதல் காட்சியையே பயிற்சியாக எடுக்கலாம். பம்ப்செட் திண்டில் இருவர் மெல்லப் பேசுகிறார்கள் என்றால் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். மைக் தலைக்கு மேலிருந்து மார்பைப் பார்த்தபடி, வாயிலிருந்து இரண்டடிக்குள் இருக்க வேண்டும். சட்டைக்குள் குத்தும் மைக்கில் கஞ்சி போட்ட துணி உரசும். பேச்சு முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். அது இல்லையென்றால் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் பூச்சிச் சத்தம் அறுந்து அறுந்து கேட்கும். மேளம் வாசிக்கும் காட்சியில் ஒவ்வொரு டேக்கிலும் வேகம் மாறும், ஷாட்டுகள் ஒட்டாது. ஒரு முழு வாசிப்பை முன்பே பதிந்து, அதை ஒலிக்கவிட்டுப் படமெடுப்பதுதான் வழி.

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுத் திரைப்பட நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பின் ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு; அறிவிப்பு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். பட்டம் முடித்ததும் புனே, கொல்கத்தா மத்திய அரசுத் திரைப்படக் கல்லூரிகளின் ஒலிப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். கொல்லம் மாவட்டக் கிராமத்தில் பிறந்து 2009இல் ஒலிக்கலவைக்கு ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் இயற்பியல் பட்டத்தோடுதான் புனேவுக்குப் போனார்.

முதல் சில வருடங்கள் உதவியாளர் வேலைதான், மாதச் சம்பளம் உறுதியில்லை. தமிழ்ப் படங்களில் டப்பிங் வழக்கம் இன்னும் வலுவாக இருப்பதால், டப்பிங் ஸ்டுடியோ வேலையும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: லட்சங்கள் கேட்கும் தனியார் திரைப்படப் பள்ளிக்காகவும் நிலத்தை அடகு வைக்காதீர்கள். இந்தக் கோடையில் உங்கள் செலவு அந்த ரெக்கார்டரோடு நிற்கட்டும்.