அன்லாக் செய்த போனில் சிக்னல் குறைவாகக் கிடைக்குமா?

குறையாது. லாக் என்பது வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி தடுக்கும் மென்பொருள் பூட்டு மட்டுமே. ஆன்டெனாவுக்கும் மோடத்துக்கும் அதோடு சம்பந்தமே இல்லை. அதே மாடல் எண் கொண்ட இரண்டு போன்கள், ஒன்று லாக், ஒன்று அன்லாக் என்றாலும், சிக்னலை ஒரே மாதிரிதான் பிடிக்கும்.

பிறகு ஏன் சிலருக்கு வித்தியாசம் தெரிகிறது? பெரும்பாலும் மாடல் எண்தான் காரணம். ஒரே பெயரில் விற்கும் போனுக்கு நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் தனித்தனி மாடல் எண் உண்டு. அவை பிடிக்கும் அலைவரிசைகளும் மாறும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே வரும். உங்கள் சிம் நிறுவனம் நம்பியிருக்கும் அந்த அலைவரிசை (பேண்ட்) போனில் இல்லையென்றால், தெருவில் முழு சிக்னல் இருக்கும், வீட்டுக்குள் போனால் காணாமல் போகும். ஆகவே வாங்கும் முன் மாடல் எண்ணின் பேண்ட் பட்டியலையும் நிறுவனத்தின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு எந்த அப்டேட்டும் கைகொடுக்காது.

இன்னொன்று, 4ஜி வழியே குரல் அழைப்பு. சில நிறுவனங்கள் தாங்கள் சோதித்த மாடல்களுக்கு மட்டுமே இதை அனுமதிக்கின்றன. அனுமதி இல்லாத போனில் டேட்டா ஓடும், அழைப்பு போகாமல் இருக்கலாம். இது சிக்னல் கோளாறு அல்ல.

திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை வைத்து இரண்டு போன்களை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு கணக்கில் காட்டுகிறார்கள். ஒரே சிம்மை இரு போனிலும் மாற்றி மாற்றிப் போட்டு, அதே இடத்தில், ஆண்ட்ராய்டின் சிம் நிலைப் பக்கத்தில் டிபிஎம் எண்ணை, அதாவது சிக்னல் வலிமையின் அளவைப் பாருங்கள். 4ஜியில் மைனஸ் 90 நல்லது, மைனஸ் 115 மிகப் பலவீனம். இரண்டு மூன்று டிபிஎம் ஏற்ற இறக்கம் கையில் பிடிக்கும் விதத்திலேயே வந்துவிடும்.