“ஒவ்வொரு லீவுக்கும் ஒரு டாப்-அப்… எங்கே சேமிப்பது?”

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். இப்போது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் இருக்கிறார். நான் இரண்டு பிள்ளைகளுடன் காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். பிடித்தம் போக 62,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. அதில் பர்சனல் லோன் தவணை 19,568. மாமனார், மாமியாருக்கு மாதம் 12,000. வாடகை, பள்ளி, வேன், மளிகை எல்லாம் போக 5,000 நிற்கும். முதலில் 5 லட்சம் கடன் வாங்கியது நாத்தனார் கல்யாணத்துக்கு. இரண்டு வருடம் கழித்து மாமனார் வீட்டில் மாடி எடுக்க அதையே 7 லட்சமாக்கினார். அதற்கும் இரண்டு வருடம் கழித்து, கொழுந்தனாருக்குக் கடை வைத்துக் கொடுக்க 9 லட்சமானது. அதில் 10 தவணை கட்டியாகிவிட்டது. கடையை ஆறு மாதத்தில் மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் இவர் லீவில் வருகிறார். கொழுந்தனாருக்கு லோடு வண்டி வாங்க 3 லட்சம் வேண்டுமாம். பேங்க் தராவிட்டால் என் நகையை வைக்கலாம் என்கிறார்கள். இதற்கிடையில், செகந்திராபாத் குவார்ட்டர்ஸில் பழகிய தோழி ஒருத்தி என்னிடம் 40,000 வாங்கி, இதுவரை 22,000தான் கொடுத்திருக்கிறாள். இப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்டாகிவிட்டாள். வருடம் 60,000 கட்டும் ‘உத்தரவாத வருமான’ திட்டத்தில் சேரச் சொல்கிறாள். என் சின்னவனுக்கு நடுராத்திரியில் காய்ச்சலில் வெட்டு வந்தபோது மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். மறுக்க மனம் வரவில்லை. அந்த 5,000-ஐ இதில் போடவா, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யில் போடவா, தங்கச் சீட்டில் போடவா?
— பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: சகோதரி, சிக்கனமாக இருங்கள், செலவை எழுதி வையுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்தில் பத்து மாதம் ஒற்றை ஆளாக வீட்டை நடத்துகிறவர் நீங்கள். உங்கள் கடிதத்திலேயே பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. ஆனால் கேள்வியை இடம் மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 5,000-ஐ எங்கே போடுவது என்பது இப்போதைய கேள்வியே இல்லை. அடுத்த மாதம் அந்த 5,000 உங்களிடம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

வட்டி 11 சதவீதம், ஐந்து வருடத் தவணை என்று வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எழுதியிருக்கும் 19,568 அதோடு சரியாகப் பொருந்துகிறது.

முதல் கடன் 5 லட்சம், தவணை 10,871. இரண்டு வருடத்தில் 2.61 லட்சம் கட்டினீர்கள். அசலில் கழிந்தது 1.68 லட்சம்தான், பாக்கி 3.32 லட்சம். அதை 7 லட்சமாக்கியபோது கைக்கு வந்தது 3.68 லட்சம், தவணை 15,220 ஆனது. மறுபடி இரண்டு வருடம். பாக்கி 4.65 லட்சமாக இருந்தபோது 9 லட்சமாக்கினார். கைக்கு 4.35 லட்சம், தவணை 19,568. இன்றைய பாக்கி சுமார் 7.8 லட்சம்.

ஆக மொத்தம் கைக்கு வந்தது 13 லட்சம். கட்டியது 8.2 லட்சம், அதில் 3 லட்சம் வட்டிக்கே போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு, முதலில் வாங்கிய 5 லட்சத்தைவிட இன்றைய பாக்கி அதிகம். அந்த முதல் கடனை அப்படியே விட்டிருந்தால் இன்னும் இரண்டு தவணையில் முடிந்திருக்கும்.

டாப்-அப் என்பது பழைய கடனோடு கொஞ்சம் கூடுதல் பணம் இல்லை. பழைய கடனின் மிச்சத்தை மறுபடி முதல் மாதத்துக்குக் கொண்டுபோய் வைப்பது. தவணையின் ஆரம்ப மாதங்களில்தான் வட்டி அதிகம் போகும், அசல் கொஞ்சமாகத்தான் குறையும். அசல் நன்றாகக் கரையத் தொடங்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் திரும்ப ஆரம்பத்துக்கே போயிருக்கிறீர்கள். மாதச் சம்பளம் தவறாமல் விழும் ராணுவக் கணக்கு என்றால் வங்கிக்குக் கொடுப்பதில் தயக்கமே கிடையாது. ஆப்பைத் திறந்தாலே ‘உங்களுக்கு ஒப்புதலான கடன்’ என்று வந்து நிற்கும். ரயிலில் ஊருக்கு வரும் வழியிலேயே போட்டுவிடலாம். சுலபமாகக் கிடைக்கிறது என்பது அவரால் தாங்க முடியும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அடுத்த மாதம் 3 லட்சம் வேண்டும் என்றால் கடன் ஏறக்குறைய 11 லட்சமாகும். தவணை 23,917. அதாவது மாதம் 4,350 கூடுதல். உங்களிடம் நிற்கும் 5,000-இல் 650 ரூபாய்தான் மிஞ்சும். எஸ்.ஐ.பி.யா தங்கமா என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களைச் சுற்றியுள்ள குடும்பங்களிலிருந்து இதே கதை எனக்கு நிறைய வருகிறது. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இருக்க முடியவில்லை, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது வர முடியவில்லை. அந்தக் குறை மனதில் கிடக்கிறது. வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுமுறை, அந்த 60 நாளுக்குள் மகனாகவும் அண்ணனாகவும் மொத்தக் கடமையையும் செய்துவிட நினைக்கிறார்கள். வந்த இரண்டாம் நாளே அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தால், இல்லை என்று சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்? அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பேச்சு லீவில் நடக்கக் கூடாது. அவர் யூனிட்டில் இருக்கும்போதே, ஊருக்குக் கிளம்பும் முன்பே நடந்து முடிய வேண்டும்.

வங்கியில் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை எடுக்கச் சொல்லுங்கள். மேலே நான் போட்டிருப்பது தோராயம், அதில் இருப்பதுதான் சரியான தொகை. அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுங்கள். மாமியாரைப் பற்றியோ கொழுந்தனாரைப் பற்றியோ அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். 13 லட்சம் வந்தது, 8.2 லட்சம் கட்டினோம், 7.8 லட்சம் பாக்கி. இந்த மூன்று எண்களை மட்டும் சொல்லுங்கள். அவரும் ஒரு செக்‌ஷனை நடத்துகிற ஆள், எண்கள் புரியும்.

கொழுந்தனாருக்கு வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிற எண்ணம் இருந்தால் அவர் பெயரிலேயே வாங்கட்டும். முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை தொழில் கடன் உண்டு. சரக்கு வண்டிக்கும் வாங்கலாம். வண்டியே வங்கிக்கு அடமானமாக இருக்கும். தன் பெயரில் தவணை விழுகிறது என்றால் காலையில் வண்டி எடுக்கிற வேகமே வேறாக இருக்கும். அண்ணன் பெயரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூடிய கடை சாட்சி. ஜாமீன் கையெழுத்துக் கேட்கலாம். அதையும் போட வேண்டாம். ஜாமீன் என்பது பணம் கைக்கு வராத கடன். அண்ணன் என்ற முறையில் கட்டாயம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று உங்கள் கணவர் நினைத்தால், கையில் இருப்பதில் 20,000, 25,000 முன்பணமாகக் கொடுக்கட்டும். அது திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கட்டும். நகையை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அவர் ஃபீல்டில் இருக்கும்போது ஏதாவது அவசரம் என்றால் உங்கள் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

மாமனார், மாமியாருக்குக் கொடுக்கும் 12,000-இல் கை வைக்க வேண்டாம். அது கடமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கணிசமான இடம் அவருக்குப் போயிருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்களிடம் வாங்கியவர்களில் பணம் திருப்பித் தருகிற ஒரே ஆள் அவர்தான். 40,000-இல் 22,000 வந்துவிட்டது. உறவுக்குப் போன 13 லட்சத்தில் ஒரு ரூபாய் திரும்பி வந்ததாக நீங்கள் எழுதவில்லை. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடாக இருந்து, ஆண் துணை இல்லாத ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை 18,000 ரூபாய்க்காக இழக்காதீர்கள். அவர் முடிந்தபோது கொடுக்கட்டும்.

அவர் கொண்டுவந்த திட்டம் வேறு விஷயம். வருடம் 60,000 வீதம் பத்து வருடம், அப்புறம் சில வருடம் காத்திருப்பு, அதன்பின் பத்து வருடத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். 6 லட்சம் கட்டினால் 10 லட்சம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. பன்னிரண்டாம் வருட முடிவில்தான் முதல் லட்சம் கையில் வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நாலரை சதவீதம்கூடத் தேறாது. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பயந்த குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. எனக்கு இது பிடிப்பதே இல்லை. 11 சதவீதத்தில் கடன் கட்டிக்கொண்டு நாலரைக்குப் பணம் போடுவதில் என்ன அர்த்தம்? அதோடு, இன்சூரன்ஸ் என்றால் ராணுவக் குரூப் இன்சூரன்ஸுக்கு ஏற்கனவே மாதாமாதம் பிடிக்கிறார்கள். சம்பளக் கணக்கு ராணுவத்தினருக்கான பேக்கேஜில் இருந்தால் விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வரும். கணக்கு அப்படி மாற்றப்பட்டிருக்கிறதா, நாமினி உங்கள் பெயரில் இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோழியிடம், “கடன் முடியும்வரை எதிலும் சேர மாட்டேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்வார். அவரும் அதே சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்தானே.

சரி, 5,000-ஐ என்ன செய்வது? கடனில் கட்டுங்கள். மாதம் 24,568 ஆகக் கட்டினால் இன்னும் 50 மாதம் ஓட வேண்டிய கடன் 38 மாதத்தில் முடியும். வட்டியில் சுமார் 50,000 மிச்சம். 11 சதவீதம் நிச்சயமாகத் தரும் எஸ்.ஐ.பி. எதுவும் கிடையாது. முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் மாதாமாதம் கட்டாமல், சேர்த்துவைத்து வருடத்துக்கு ஒருமுறை கட்டலாம்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. முதல் எட்டு மாதத்து 5,000-ஐக் கடனில் போடாமல் உங்கள் பெயரில் தனிக் கணக்கில் வையுங்கள். 40,000 சேரும். போன் எடுக்க முடியாத இடத்தில் கணவர் இருக்கும்போது ஆஸ்பத்திரி என்று வந்தால் நீங்கள் யாரையும் கேட்காமல் எடுக்க அது வேண்டும். நிறையக் குடும்பங்களில் பணம் முழுவதும் அவருடைய கணக்கில், ஓ.டி.பி. அவருடைய போனில், மனைவி கையில் ஏ.டி.எம். கார்டு மட்டும். அப்படி இருக்காதீர்கள்.

பிள்ளைகளின் கல்விப் படி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50. இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 67,500 வரும். கல்வி ஆண்டு முடிந்ததும் பள்ளியில் சான்றிதழ் வாங்கி உடனே அனுப்புங்கள். அது மொத்தமாக வந்து விழுவதால் லீவுச் செலவில் கரைந்துவிடுகிறது. அடுத்த வருடப் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதைக் கடனில் கட்டுங்கள்.

ராணுவத்தினரின் சேமநல நிதியான ஏ.எஃப்.பி.பி. ஃபண்டில் பிடிப்பதைக் குறைக்க வேண்டாம், இந்தக் கடனை அடைக்க அதை எடுக்கவும் வேண்டாம். அங்கே 7.1 சதவீதம் வருகிறது, ஓய்வுபெறும்போது கையில் நிற்கும் பணம் அது.

“பென்ஷன் வரும்போது கம்யூட் செய்து மொத்தமாக அடைத்துவிடலாம்” என்று அவர் சொல்லக்கூடும், பலரும் சொல்வது. கம்யூட் என்றால் பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்வது. அடிப்படைச் சம்பளம் 40,400 என்று வைத்துக்கொள்வோம். மிலிட்டரி சர்வீஸ் பே 5,200 சேர்த்தால் 45,600. பென்ஷன் அதில் பாதி, 22,800. அதன் மேல் அகவிலைப்படி. பாதியைக் கம்யூட் செய்தால் மாதம் 11,400 போய்விடும், பதினைந்து வருடத்துக்கு. இரண்டாவது வேலை கிடைக்கும்வரை அந்த மிச்சத்தில்தான் வீடு ஓட வேண்டும். பெரியவன் கல்லூரிக்குப் போகும் வயதும் அதுவாகத்தான் இருக்கும். கம்யூட் பணம் தலைக்கு மேல் ஒரு கூரைக்கும் படிப்புக்கும் போக வேண்டியது. மூடிய கடைக்கும் லோடு வண்டிக்கும் போகக் கூடாது.

மாமனார், மாமியார் வருமானம் குறைவு என்றால், அவர்கள் பெயர் ராணுவத்தில் உங்கள் கணவரின் சார்ந்தோர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று வேறொரு நாள் போனில் கேளுங்கள். ஏறியிருந்தால் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அடுத்த முறை ஆபரேஷன் என்று வந்தால் கடன் பேச்சு வராது.