சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி வழிபாடாகும்? சிங்கப்பூரிலிருந்து ஒரு குவேக்கர் பதில்

கேள்வி: சிங்கப்பூரில் குவேக்கர்கள் என்று ஒரு சிறு குழு கூடுவதாகக் கேள்விப்பட்டேன். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். இதில் வழிபாடு எங்கே இருக்கிறது? தமிழர் யாராவது போகிறீர்களா?

நான் போகிறேன். பதினோரு வருடமாகப் போகிறேன். நான் ஓய்வுபெற்ற தாதி. தமிழ்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே பாடகர் குழுவில் இருபது வருடம் பாடியவள். பாட்டில்லாத ஆராதனை உப்பில்லாத சோறு என்றுதான் ஒரு காலத்தில் நானும் நினைத்திருந்தேன்.

முதலில் அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். எட்டுப் பேர் இருப்போம், சில வாரம் பன்னிரண்டு, மழை கொட்டினால் நாலு. நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். பலிபீடம், சிலுவை எதுவும் கிடையாது. முதல் ஆள் வந்து உட்கார்ந்த நிமிடமே வழிபாடு தொடங்கிவிடும். தொடங்கலாம் என்று யாரும் அறிவிப்பதில்லை. மின்விசிறி சுற்றும். புளோக்கின் கீழே பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டில் சம்பல் வதக்கும் நெடி வரும். யாருக்காவது ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உள்ளே உந்தினால் எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு உட்காருவார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, ஒரு ஆமென்கூட இல்லை. மறுபடியும் மௌனம். சில வாரம் ஒருவருமே பேசமாட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் அன்றைக்குப் பொறுப்பில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் குலுக்குவார், எல்லாரும் குலுக்கிக்கொள்வோம். அப்புறம் காப்பி, பலகாரம், யாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு.

முதல் மூன்று மாதம் அது எனக்கு வழிபாடாகப் படவே இல்லை. கண்ணை மூடினால் தேக்கா சந்தையில் வாங்கவேண்டிய மீன், மகனுடைய தேர்வு, முந்தின நாள் வார்டில் நடந்த வாக்குவாதம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மனதைக் காலியாக்கவேண்டும், எனக்கு அது வரவில்லை என்று நொந்துகொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு, எதிரே உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். யாரும் ஓடிப்போய்த் தேற்றவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது போல இருந்தது. இந்த மௌனம் எனக்கு முன்பே பழக்கமானது என்று அப்போதுதான் புரிந்தது. உறவினர் வந்து சேருவதற்குள் உயிர் பிரியப்போகும் நோயாளிகளின் பக்கத்தில், இரவுப் பணியில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். கொடுக்க மருந்து இருக்காது, பேச வார்த்தை இருக்காது. கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தத் தாதி சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று எந்தக் குடும்பமும் சொன்னதில்லை.

எங்கள் வழிபாடும் அந்த மாதிரிக் காது கொடுப்பதுதான். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளுடைய ஏதோ ஒன்று இருக்கிறது, கூடி அமைதியாக இருந்தால் அது பேசுவது கேட்கும் என்பது குவேக்கர் நம்பிக்கை. தியானம் மாதிரியா என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் தனியாக என்னால் இருபது நிமிடம்கூட இப்படி இருக்க முடிவதில்லை. மற்றவர்கள் இருப்பதால்தான் முடிகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளர் மகன், கடவுளை அறிய இடையில் குருமார் தேவையில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். பலமுறை சிறைக்கும் போனார். 1650-ல் டார்பி நகரில் அவரை விசாரித்த நீதிபதி, நடுங்குகிறவர்கள் என்ற பொருளில் ஏளனமாகச் சொன்ன பெயர்தான் குவேக்கர். எங்களை நாங்கள் நண்பர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வோம். (குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் இருக்கும் தொப்பிக்காரருக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை.) உலகத்தில் ஏறக்குறைய 4 லட்சம் குவேக்கர்கள் இருக்கிறார்கள். மிக அதிகமானோர் இருக்கும் நாடு கென்யா. அங்கே போதகரும் உண்டு, பாட்டும் உண்டு. அதனால் குவேக்கர் என்றாலே மௌனம்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எங்கள் குழு மௌன மரபைச் சேர்ந்தது. தமிழ் வாசகர்களுக்கு ஒரு பெயரையும் சொல்லவேண்டும். 1928-ல் ஆசிரியராகச் சென்னைக்கு வந்த மார்ஜரி சைக்ஸ் இந்தியாவில்தான் குவேக்கர் ஆனார். சேவாகிராமத்தில் காந்தியின் கல்விப் பணியில் சேர்ந்தார், பிறகு கோத்தகிரியில் பல வருடம் வாழ்ந்தார். என் பாட்டி காலத்திலேயே தமிழ்நாட்டு மண்ணில் இந்த மௌனம் இருந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எளிமை, உண்மை, சமத்துவம், அமைதி என்று குவேக்கர் விழுமியங்களை அடுக்குவார்கள். அடுக்கினால் எல்லாச் சமயத்திலும் இருப்பது போலத்தான் தெரியும். எனக்கு அது உறைத்தது என் பேச்சில்.

ஃபாக்ஸ் காலத்து ஆங்கிலத்திலும் நம் நீ, நீங்கள் போல இரண்டு சொற்கள் இருந்தன. பெரியவர்களுக்குப் பன்மை, எளியவர்களுக்கு ஒருமை. நண்பர்கள் எல்லாரையும் ஒருமையிலேயே அழைத்தார்கள், நீதிபதியையும் பிரபுவையும்கூட. யார் முன்னாலும் தொப்பியைக் கழற்றவில்லை. அதற்காக அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். இதைப் படித்த அன்று இரவு, நான் யாரையெல்லாம் நீ என்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாமியாரைப் பார்த்துக்கொள்ள எங்கள் வீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பணிப்பெண் வந்திருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவரை நான் நீ என்பேன், அவர் என்னை மேடம் என்பார். புளோக்கைக் கூட்டும் ஊழியர், புல் வெட்ட வரும் பையன்கள் எல்லாரும் எனக்கு நீதான். அந்தக் குவேக்கர்கள் மொழியில் எல்லாரையும் நீ என்றது சமத்துவம். தமிழில் அதையே செய்தால் வெறும் மரியாதைக் குறைவு. நம் வழி எதிர்த்திசையில் போகவேண்டும், எல்லாரையும் நீங்கள் என்று சொல்லவேண்டும் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை, "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மூன்று நாள் கழித்து, "என்ன தப்பு செஞ்சேன் மேடம், ஊருக்கு அனுப்பப்போறீங்களா?" என்று கேட்டார். என் வாயிலிருந்து மரியாதை வந்தால் அது கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றும்படி நான் இருந்திருக்கிறேன். அன்றைக்கு நான் அழுதேன். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாமியாரின் இறுதிச் சடங்கில் எங்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றார்.

அடுத்தது, நாங்கள் முடிவெடுக்கும் விதம். மௌனத்தைவிட இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மாதம் ஒருமுறை குழுவின் காரியங்களைப் பேச உட்காருவோம். அதுவும் வழிபாடுதான். வாக்கெடுப்பு கிடையாது. கிளார்க் என்று ஒருவர் இருப்பார். அவர் தலைவர் அல்லர். எல்லாரும் சொல்வதைக் கேட்டு, கூட்டத்தின் மனம் எங்கே வந்து நிற்கிறது என்று இரண்டு வரி எழுதி அங்கேயே வாசிப்பார். சரி, இதுதான் என்று எல்லாருக்கும் பட்டால் அது முடிவு. ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பொறுத்திருப்போம்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் 1,800 வெள்ளி சேர்ந்திருந்தது. வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் உணவுப் பொட்டலம் கொடுக்கும் ஓர் அமைப்புக்குத் தரலாம் என்று பேச்சு வந்தது. ஏழு பேர் சரி என்றோம். எட்டாவது ஆள், எழுபது வயதைத் தாண்டிய சீன நண்பர், "எனக்கு மனம் வரவில்லை" என்றார். பொட்டலம் வாங்குபவர்களைப் பதாகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், அதுதான் காரணம். தன் அப்பா துறைமுகக் கூலியாக இருந்தபோது இப்படி வரிசையில் நின்று சோறு வாங்கியதாகவும், அதைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். அந்த மாதம் முடிவில்லை. அடுத்த மாதமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பசித்தவருக்குச் சோறு போட இத்தனை யோசனையா என்று கேட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார், பதில் பேசவில்லை.

மூன்றாவது மாதம் ஒருவர் எழுந்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லையே என்றார். தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். "சாப்பாடு கிடைக்குதுக்கா. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்ல முடியுமா?" மருத்துவமனைக் கடிதம். முதுகில் அடிபட்டதற்கு மறுபடி வரச்சொன்ன தேதி, இரண்டு வாரத்துக்கு முன்பே கடந்துபோயிருந்தது.

நாலாவது மாதக் கூட்டத்தில் கிளார்க் எழுதிய குறிப்பு மூன்றே வரி. அன்றிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு, காப்பிக்கடை மேசையில் நாங்கள் இரண்டு பேர் உட்காருகிறோம். மருத்துவமனைக் கடிதம், மருந்துச் சீட்டு, வேலைக் காயத்துக்கான இழப்பீட்டுப் படிவம் என்று எது வந்தாலும் படித்துச் சொல்கிறோம், தேவைப்பட்டால் கூடப் போகிறோம். அந்தப் பணம் டாக்சிக்கு ஆகிறது. சீன நண்பருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வருவார். எல்லாருக்கும் காப்பி வாங்கி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்.

இதைச் சொன்னதால் காத்திருப்பது எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் சிலர் அடிமை முறைக்கு எதிராக 1688-லேயே எழுதிக் கொடுத்தார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அந்த வட்டாரக் குவேக்கர்களின் பொதுக் கூட்டமான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776-ல். 88 வருடம். அத்தனை வருடமும் அந்த அடிமைகள் காத்திருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் கூட்டம் ஒன்றைத் தள்ளிப்போடும்போதெல்லாம், காத்திருப்பதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று நான் எழுந்து கேட்பேன். அதை அவர்கள் தவறாக நினைப்பதில்லை.

அமைதி என்ற விழுமியம் இந்த ஊரில் சும்மா பேசிவிட்டுப் போகக்கூடியதல்ல. 1661-ன் தொடக்கத்தில், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் ஏந்திப் போரிடமாட்டோம் என்று குவேக்கர்கள் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் எழுதிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் 1967-லிருந்து ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை, பெரும்பாலும் ராணுவத்தில், கட்டாயம். மனசாட்சி ஒப்பவில்லை என்பதற்காக விலக்கு கிடையாது. என் மகனுக்குப் பதினெட்டு வயதாகி அழைப்புக் கடிதம் வந்தபோது எனக்குத் தூக்கம் போயிற்று. குழு என்ன சொல்லப்போகிறதோ என்று பயந்தேன். ஒருவரும் இப்படிச் செய் என்று சொல்லவில்லை. தாங்கள் இளவயதில் சேவை செய்தபோது மனதில் ஓடியதை இரண்டு பேர் அவனிடம் தனியாகச் சொன்னார்கள். ஒருவர் ஒரு பழங்கதையைச் சொன்னார். ஃபாக்ஸ் காலத்துக் குவேக்கரான வில்லியம் பென் தன் வாளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, முடிகிற வரைக்கும் அணிந்திரு என்று ஃபாக்ஸ் சொன்னாராம். அப்படி நடந்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

மகன் போக முடிவெடுத்தான். "கூடப் படிச்சவங்க எல்லாரும் போறாங்கம்மா, நான் மட்டும் எப்படி ஒதுங்கறது?" என்றான். அது அவன் மனசாட்சி. ராணுவ அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் நாங்களும் போனோம், அங்கே அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், திரும்பி வந்தோம். அடுத்த ஞாயிறு நான் வழிபாட்டில் எழுந்து நின்றேன், வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். முடிந்ததும் யாரும் என்ன சொல்ல வந்தாய் என்று கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவர் என் கையை மட்டும் வெகுநேரம் விடவில்லை. எனக்கும் அவனுக்கும் இதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. விடுப்பில் வரும்போதெல்லாம் என்னோடு வந்து வட்டத்தில் உட்காருவான்.

உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியவேண்டுமானால் ஒரு முறை வந்தால் போதாது, நாலு வாரமாவது வந்து பாருங்கள். எங்களில் கிறிஸ்தவர்கள் உண்டு, புத்தர் வழியில் நிற்பவர் உண்டு, விபூதி பூசிக்கொண்டு வரும் ஒருவரும் உண்டு. யாரும் உங்களை மதம் மாறச் சொல்லமாட்டார்கள். பாட்டு வேண்டும் என்றால் எங்களிடம் கிடைக்காது; நானே கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என் பழைய தேவாலயத்துக்குப் போய் ஆசைதீரப் பாடிவிட்டு வருகிறேன். உடை எப்படியும் இருக்கலாம். கைபேசியை மட்டும் அணைத்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் வெளியே தயங்கி நிற்கவேண்டாம், கதவைத் தாழிடுவதில்லை. நுழைந்ததும் இடது பக்கம் ஒரு நாற்காலியைக் காலியாகவே விட்டுவைப்போம், அது வருகிறவருக்கு.