1998-ல் ஹாலிவுட் இயக்குநர் குவென்டின் டாரன்டினோ வில்லனாக நடித்த ‘வெயிட் அன்டில் டார்க்’ நாடகத்தை விமர்சகர்கள் ஏன் அப்படிக் கிழித்தார்கள்? சினிமாக்காரர் என்ற பொறாமையா?

பொறாமை கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அதே மேடையில் நாயகியாக நின்ற மரீசா டோமெயும் சினிமாவிலிருந்து வந்தவர்தான். அடி பெரும்பாலும் டாரன்டினோ மேல்தான் விழுந்தது. வில்லனைப் பார்த்தால் பயமே வரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. டாரன்டினோ ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர் படங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பிரெடரிக் நாட் எழுதிய இந்த நாடகம் 1966-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஆர்தர் பென் இயக்கத்தில் 374 காட்சிகள் ஓடியது. லீ ரெமிக் நாயகி, ராபர்ட் டுவால் வில்லன். அடுத்த வருடமே ஆட்ரி ஹெப்பர்ன், ஆலன் ஆர்க்கின் நடித்த படம். ஆகவே 1998 ஏப்ரலில் திரை விலகும்போது விமர்சகர்களுக்கு முடிவு தெரியும், ஆர்க்கினின் முகமும் நினைவிருக்கும். 97 காட்சிகளோடு ஜூனில் முடிந்தது.

(கதை தெரியாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

பார்வையற்ற நாயகி சூசியின் தரைக்கு அடியிலுள்ள வீட்டில் ஹெராயின் அடைத்த பொம்மை ஒன்று இருக்கிறது. அதைத் தேடி மூன்று பேர் வருகிறார்கள். கடைசியில் அவள் பல்புகளை உடைத்து வீட்டை இருட்டாக்குகிறாள். ரோட் என்ற கொலைகாரன் (டாரன்டினோவின் வேடம்) ஃபிரிட்ஜைத் திறக்கிறான். அவள் மறந்துபோன ஒரே விளக்கு அதுதான். அதற்கு முன்பே ரோட் ஒரு கிழவனாகவும் அவர் மகனாகவும் நடித்து அவளை ஏமாற்றியாக வேண்டும். அவளோ குரலை வைத்துத்தான் ஆளை எடைபோடுவாள். இருட்டில் நமக்கும் அதே கதி. கடைசிக் கட்டம் ஏறக்குறைய வானொலி நாடகம். மேடைப் பயிற்சி இல்லாத குரல் அங்கே தப்பிக்க முடியாது. சுவரொட்டியில் டிக்கெட் விற்ற முகம், தேவையான நேரத்தில் இருட்டுக்குள் போய்விடுகிறது.

அப்புறம் இருட்டு. ‘கிளைமாக்ஸ் எடுபடவில்லை’ என்று விமர்சகர்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், ஏன் எடுபடவில்லை என்று எழுதுவதில்லை. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். முந்தைய காட்சியை வெளிச்சமாக வைத்துச் சட்டென்று அணைத்தால் முதல் சில நொடிகள் கும்மிருட்டு. படிப்படியாக மங்கவிட்டால் கண் பழகிவிடும், வாசல் மேலிருக்கும் ‘எக்ஸிட்’ விளக்கின் கசிவிலேயே நடிகர் தவழ்வது தெரியும். அந்த விளக்கை அணைக்கச் சட்டம் விடாது. அதன் வெளிச்சம் மேடையில் விழாதபடி கறுப்புத் துணி கட்டலாம், செட் சுவர்களுக்கு அடர்நிறம் பூசலாம். பெரிய ஹாலஜன் விளக்கை அணைத்த பிறகும் இழை ஒரு கணம் சிவந்து நிற்கும். எல்இடி உடனே அணையும்.

ஃபிரிட்ஜும் சும்மா கிடைக்கிற பெட்டி இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றி எடையைக் குறைத்து, பல்பை மேடை விளக்குகளை இயக்கும் ஒளிப் பலகையோடு இணைக்க வேண்டும். கதவு ஸ்விட்சை நம்பினால் ஒருநாள் காலை வாரும். உள்பக்க வெள்ளையில் ஒளி தெறித்து அறை முழுக்கப் பரவும், அதனால் சாம்பல் பூச்சு. கதவு அரங்கத்தைப் பார்த்துத் திறந்தால் முன்வரிசைக்காரர்களுக்குக் கண் கூசும். வெளிச்சம் அதிகமானால், விழுந்து கிடக்கும் ரோட் கடைசியாகச் சூசி மேல் பாய்வதற்குக் கால் ஊன்றுவது முன்கூட்டியே தெரிந்துவிடும். குறைந்தால் பாய்ந்ததே தெரியாது. பாய்ச்சலுக்கு முன் செத்துவிட்டான் என்று கூட்டம் மூச்சு விடும் அளவுக்கு அமைதி வேண்டும். அதை அவசரப்படுத்துகிற இயக்குநர்களே அதிகம்.

முதல் பாதி இழுவை என்ற புகார் நியாயமானது. நாடகத்தின் பிறவிக் கோளாறு அது. ஜன்னல் மறைப்பைத் திறந்து மூடி சைகை காட்டுவது, தொலைபேசிக் கூண்டு எல்லாம் இன்றைக்கு விளக்கவுரை கேட்கும். நாடகாசிரியர் ஜெஃப்ரி ஹாட்சர் 2013-ல் திருத்தி எழுதியபோது கதையை 1944-க்கே கொண்டுபோய்விட்டார். புத்திசாலித்தனம்.

ஆனால் பார்வையாளர்களை 1944-க்கு அனுப்ப முடியாதே. இத்தனை வேலை செய்து உண்டாக்கிய இருட்டில், மூன்றாம் வரிசையில் ஒருவர் மணி பார்க்கக் கையைத் திருப்புவார், ஸ்மார்ட் கடிகாரம் பளிச்சென்று எரியும். போனை அணைக்கச் சொல்கிற அரங்குகள் கைக்கடிகாரத்தை ஏன் விட்டுவிடுகின்றன?